எல்லாருக்கும் ஆந்தைக் கண் எதற்கு?



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இருட்டைப் பற்றி. மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லி ஆடும் கற்பனை விளையாட்டுகளில் இருட்டு ஒரு பொருட்டே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. அதை மறுபடி அங்கே குடியேற்ற வேண்டும். அந்த வேலைக்கு மலேசியாவின் கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டத்து வழிவந்த நமக்குத் தனித் தகுதி உண்டு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி நேரம் அதற்கான காரணங்கள்.

பெரியவர்களுக்காக முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் கூடுவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். அவரை டன்ஜன் மாஸ்டர் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள்: ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். "குகை வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்கிறது. என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று நடத்துநர் கேட்பார். அவரவர் முடிவைச் சொல்ல, அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974ல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த வகை ஆட்டத்தின் மூத்த பிள்ளை. தெருக்கூத்து பார்த்த பெரியவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமாகத் தோன்றாது. வேடம் உண்டு, வசனம் உண்டு. எழுதி வைத்த முடிவு மட்டும் கிடையாது.

அந்த 1974ஆம் ஆண்டுப் பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள் இருந்தன. மூன்றாம் புத்தகத்தில் இருட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. பாதாளத்தில் வாழும் கொடிய உயிர்கள் இருட்டில் பார்க்கும். மனிதர் முதலான ஆட்டக்காரர்கள் தீப்பந்தமோ விளக்கோ மந்திரமோ கொண்டு போக வேண்டும். அந்த உயிர்களில் ஒன்று ஆட்டக்காரரின் பக்கம் சேர்ந்து அவருக்கு ஊழியம் செய்ய வந்தால், அதற்கும் இருட்டில் பார்க்கும் ஆற்றல் போய்விடும். பாதாளம் எதிரியின் வீடு. அந்த வீட்டு இருட்டும் எதிரியின் பக்கம். என்ன தெளிவான ஏற்பாடு, பாருங்கள்.

பிறகு இருட்டில் பார்க்கும் வரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறியது. 1978ஆம் ஆண்டு விதிநூலில் எல்ஃப், குள்ளர் போன்ற இனங்கள் பல உடல் வெப்பத்தை இருட்டில் காணும் 'இன்ஃப்ராவிஷன்' பெற்றிருந்தன. 2000ல் வந்த மூன்றாம் பதிப்பு அதை எடுத்துவிட்டு, சில இனங்களுக்கு மங்கிய வெளிச்சத்தில் கூடுதலாகப் பார்க்கும் ஆற்றலும், சிலவற்றுக்கு முழு இருட்டில் பார்க்கும் 'டார்க்விஷனும்' கொடுத்தது. 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில் ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கக்கூடிய ஒன்பது இனங்களில் ஆறுக்கு டார்க்விஷன் வந்துவிட்டது. மனிதர், ஹாஃப்லிங், டிராகன்பார்ன் மூவருக்கு மட்டும் இல்லை. 2024ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் பத்து இனங்களில் ஏழுக்கு உண்டு. இன்று ஐந்து பேர் கூடி ஆடினால் நான்கு பேருக்கு இருட்டு தெரியும். மிச்சமுள்ள ஒரு மனிதப் பாத்திரத்துக்காக மந்திரவாதி ஒரு சிறு ஒளி மந்திரம் போட்டுவிடுவார். அதற்குச் செலவும் இல்லை. நடத்துநர் "உள்ளே இருட்டாக இருக்கிறது" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் "எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும்" என்று நான்கு கைகள் எழும். அதோடு இருட்டின் கதை முடிந்தது.

இதில் என்ன நட்டம் என்று கேட்கலாம். அதற்கு நம் பெரியவர்கள் இருட்டில் செய்த வேலையைப் பார்க்க வேண்டும்.

பால் எடுக்க ரப்பர் மரத்தை ஏன் விடியுமுன் வெட்டுகிறார்கள்? பட்டைக்குள் ஓடும் பால்குழாய்களில் அழுத்தம் அந்த நேரத்தில்தான் மிகுதி. இரவில் இலைகள் நீரை அதிகம் வெளிவிடுவதில்லை. மரம் நிறைந்து நிற்கிறது. வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழுக்க, குழாயின் அழுத்தம் இறங்கி, பால் குறைகிறது. ஆகவே தோட்டத்தில் பொழுது என்பது சூரியனுக்கு முந்தியே ஆரம்பித்தது. பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, அவரவர் நிரைக்கு, அதாவது தமக்குரிய மரவரிசைக்கு, இருட்டில் நடந்தார்கள்.

நெற்றியில் விளக்கு. பழைய கார்பைட் விளக்கை இங்கே பலர் கையாண்டிருப்பீர்கள். தம்பி தங்கையருக்காகச் சொல்கிறேன். மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கார்பைட் கல். தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லின்மேல் விழும்போது அசிட்டிலின் வாயு கிளம்பும். அது ஒரு சிறு துளை வழியே வெளியேறி வெள்ளைச் சுடராக எரியும். பின்னால் உள்ள பளபளப்பான தகடு ஒளியை முன்னே தள்ளும். பூண்டு வாடை போல ஒரு நெடி வரும். சொட்டு கூடினால் சுடர் பொங்கும், குறைந்தால் சுருங்கும், துளை அடைத்தால் அணையும். கல் தீர்ந்தால் மாற்ற வேண்டும். இதையெல்லாம் கவனித்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

என்ன வேலை? முதலில் வெட்டுக்கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுப்பது. பிறகு உளியைக் கோட்டில் பதித்து, சரிவாக, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குப் பட்டையைச் சீவுவது. ஆழம் போதாவிட்டால் பால் வராது. கொஞ்சம் கூடினால் பட்டைக்கு உள்ளிருக்கும் உயிர்ப்படலம் காயப்பட்டு, அந்த இடத்தில் மரம் முண்டும் முடிச்சுமாக வளரும். பால் கோட்டில் இறங்கி மங்கு என்ற கோப்பையில் சொட்டத் தொடங்கியதும் அடுத்த மரம். இப்படிச் சில நூறு மரங்கள். விளக்கு காட்டுவது எதிரில் நிற்கும் ஒரு மரத்தின் ஒரு பக்கத்தை. காலடியில் கிடப்பது வேரா பாம்பா என்பதைக் கால் அறிய வேண்டும். அடுத்த நிரையில் ஆள் இருக்கிறாரா என்பதைக் காது அறிய வேண்டும். ஆகவேதான் குரல் கொடுத்துக்கொண்டே வெட்டினார்கள். "அக்கா, இருக்கீங்களா?" என்று ஒரு குரல் போகும், "இருக்கேன், நீ வெட்டு" என்று மறுகுரல் வரும்.

இந்தக் காட்சியில் என்னென்ன இருக்கின்றன, எண்ணிப் பாருங்கள். தீர்ந்துபோகும் ஒரு விளக்கு இருக்கிறது. அதன் எல்லைக்கு அப்பால் தெரியாத உலகம் இருக்கிறது. காது, மூக்கு, கால் என மற்றப் புலன்கள் விழித்திருக்கின்றன. துணை தேவைப்படுகிறது. எதை முதலில் பார்ப்பது, எங்கே திரும்புவது என்று நொடிக்கு நொடி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு சாகசக் கதைக்கு வேண்டிய அத்தனையும் இதுதானே! வெட்டுக்காரர் அனைவருக்கும் டார்க்விஷன் கொடுத்துவிட்டால் மரமும் உளியும் மட்டும் மிஞ்சும். குரல் போகும், துணை போகும், கவனம் போகும். விளையாட்டு மேசையிலும் அதுவே நடக்கிறது.

இயற்கை இந்த வரத்தை எப்படிக் கொடுத்திருக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. நம் கண் இருட்டுக்கு முழுவதும் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். இடையில் ஒரு வெளிச்சம் அடித்தால் பழகியது வீணாகும். இருட்டில் வேலை செய்யும் கண்ணணுக்களுக்கு நிறம் தெரியாது. கெடாவின் காடுகளில் வாழும் தேவாங்கு, மரநாய் போன்றவற்றின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. கிடைத்த சிறு ஒளி இருமுறை பயன்படுகிறது. செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கப் பெட்டி வைத்து வளர்க்கிறார்களே கூகை, அது முழு இருட்டில் எலியைப் பிடிப்பது காதால். எலி சருகில் எழுப்பும் சத்தத்தை வைத்தே அது இருக்கும் இடத்தைக் கணிக்கிறது. பாலிங் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றின் குகைக்குள் போனால் அங்கே வௌவாலும் எதிரொலியைக் கேட்டுத்தான் பறக்கிறது. துளி ஒளியும் இல்லாத இடத்தில் பார்க்கும் கண் எந்த உயிருக்கும் கிடையாது. கூகையே காதை நம்பும்போது, நம் விளையாட்டுப் பாத்திரங்கள் ஒரு முயற்சியும் இல்லாமல் பார்த்துக்கொண்டு நடக்கின்றன.

கூகை என்றதும் வள்ளுவர் நினைவுக்கு வருகிறார். காலமறிதல் அதிகாரத்தை அவர் தொடங்குவதே காக்கையையும் கூகையையும் வைத்துத்தான். தன்னைவிட வலிய கூகையைக் காக்கை பகலில் வென்றுவிடும். அரசருக்கும் அப்படியே காலம் வேண்டும் என்கிறார். இதே இரு பறவைகளை மகாபாரதமும் எதிர்ப்பக்கத்திலிருந்து காட்டுகிறது. போர் முடிந்த இரவில் ஆலமரத்தடியில் தூக்கம் வராமல் கிடந்த அசுவத்தாமன், தூங்கும் காக்கைகளைக் கோட்டான் ஒன்று கொன்று குவிப்பதைக் காண்கிறான். பாண்டவர் பாசறையை இரவில் தாக்கும் கொடிய யோசனை அங்கே பிறக்கிறது. பகல் காக்கைக்கு, இரவு கூகைக்கு. ஒருவருக்கு உள்ள வலிமை மற்றவருக்கு இல்லாததால் அங்கே கதையும் அரசியலும் பிறக்கின்றன. காக்கைக்கும் கூகைக் கண் கொடுத்தால் வள்ளுவருக்கே உவமை இல்லாமல் போயிருக்கும்.

பாரதத்தின் பதினான்காம் நாள் போரைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். சயத்திரதன் வீழ்ந்த ஆத்திரத்தில் அன்று சூரியன் மறைந்தும் போர் நிற்கவில்லை. கும்மிருட்டில் தன் ஆள் யார், எதிரி யார் என்று தெரியாமல் வெட்டிக்கொள்கிறார்கள். அப்போது துரியோதனன் காலாட்படையை விளக்கேந்தச் சொல்கிறான். தேருக்கு ஐந்து, யானைக்கு மூன்று, குதிரைக்கு ஒன்று என விளக்குகள் ஏறுகின்றன. பாண்டவர் தம் பக்கத்தில் அதைவிடக் கூடுதலாக ஏற்றுகிறார்கள். அந்த வேளையில் கடோத்கசன் வருகிறான். அவன் அரக்கியின் மகன். இரவு ஏற ஏற அவன் பலமும் ஏறும். கௌரவப் படை சிதறுகிறது. வேறு வழியின்றிக் கர்ணன், அருச்சுனனுக்கென்றே ஆண்டுக்கணக்கில் பொத்தி வைத்திருந்த இந்திரனின் சக்தி ஆயுதத்தைக் கடோத்கசன்மேல் எறிகிறான். அது ஒரே முறைதான் பயன்படும். கடோத்கசன் செத்தான், அருச்சுனன் பிழைத்தான். பிறகு இரு படையும் களைத்துப்போக, அருச்சுனனே ஓய்வு கொடுக்கச் சொல்ல, நிலவு எழும்வரை போர்க்களத்திலேயே தூங்குகிறார்கள்.

இந்த இரவில் எல்லா வீரருக்கும் இருட்டு தெரிந்திருந்தால்? விளக்கு ஏறியிருக்காது. கடோத்கசன் பத்தோடு பதினொன்றாக நின்றிருப்பான். சக்தி ஆயுதம் கர்ணன் கையில் இருந்திருக்கும். நிலவுக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. குருட்சேத்திரத்தின் முடிவே மாறியிருக்கும். ஒருவனுக்கு மட்டும் இரவு சொந்தமாக இருந்ததால் அந்த ஒருவனின் வருகை இடி போல இறங்கியது. அரிய வரம் அரிதாகவே இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

போர்தான் என்று இல்லை. நம் சங்கப் புலவர்கள் காதலுக்கும் இருட்டைக் கேட்டு வாங்கினார்கள். குறிஞ்சித் திணைக்குச் சிறுபொழுது யாமம். தலைவன் இரவுக்குறிக்கு, அதாவது இரவில் தலைவியைச் சந்திக்க, வருகிறான். வழியில் யானை, புலி, பாம்பு, வழுக்கும் பாறை, கரைபுரளும் காட்டாறு. தோழி அவனிடம் இந்த வழியின் கொடுமையைச் சொல்லி, இப்படி வராதே, மணந்துகொள் என்று நெருக்குகிறாள். இருட்டின் ஆபத்துதான் காதலைத் திருமணத்தை நோக்கித் தள்ளுகிறது. தலைவனுக்கு இருட்டு தெரியும் என்றால் தோழிக்குப் பேச்சே இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நான் இந்தச் சின்ன விளையாட்டு விதிக்காக இவ்வளவு கவலைப்படக் காரணம் உண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; தோட்டங்கள் துண்டாகி வீடமைப்புத் திட்டங்களாயின; லயத்து மக்கள் சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்தார்கள். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996ல் திறக்கப்பட்டது. விடியுமுன் விளக்கேந்தி மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நள்ளிரவிலும் பகல் போல ஒளிரும் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறார்கள். உழைப்பு உயர்ந்தது, நல்லது. ஆனால் உண்மையான இருட்டை ஒருமுறையும் பார்க்காமல் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. தோட்டத்து எல்லையில் முனியாண்டி கோயில் ஏன் இருந்தது, அங்கே ஏன் விளக்கு வைத்தார்கள், இரவில் அவர் காவல் சுற்றுவதாக ஏன் நம்பினார்கள் என்பது இருட்டை அறியாதவருக்கு வெறும் தகவல். 1948 முதல் 1960 வரை மலாயாவில் நீடித்த அவசரகாலத்தில் ஊரடங்கும் முள்வேலியுமாக வாழ்ந்தவர்களுக்கு இருட்டு என்றால் என்ன பொருள் என்பதும் அப்படியே. இந்த அனுபவத்தை உடம்பில் ஏற்றிக்கொள்ளப் பாடப்புத்தகம் போதாது. ஒரு மேசை, ஒரு கதை, "உன் பந்தம் அணையப்போகிறது" என்று சொல்லும் ஒரு நடத்துநர் இருந்தால் முடியும். அந்த வாய்ப்பையும் ஒரு விதி விழுங்குகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. "பந்தம் எத்தனை, எண்ணெய் எவ்வளவு என்று கணக்கு எழுதவா விளையாட வந்தோம்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஷேடோடார்க் என்ற ஆட்டம் அருமையான பதில் வைத்திருக்கிறது. கெல்சி டியோன் உருவாக்கி 2023ல் வந்த ஆட்டம் அது. அதில் ஆட்டக்காரர் யாருக்கும் இருட்டில் பார்வை கிடையாது, எதிரிகளுக்கு உண்டு. ஒரு பந்தம் ஒரு மணி நேரம் எரியும். அதுவும் கதைக்குள் ஓடும் நேரத்தில் அல்லாமல், மேசைமேல் ஓடும் கடிகாரத்தில். கைபேசியில் மணியை வைத்துவிட்டால் போதும், கணக்கு எழுத வேண்டியதில்லை. வீண் பேச்சு பேசினால் வெளிச்சம் கரைகிறது என்பதை எல்லாரும் உணர்வார்கள்.

"நான் ஆசைப்பட்டு எடுத்த பாத்திரத்தின் ஆற்றலை ஏன் பிடுங்குகிறீர்கள்?" என்பது இன்னொரு கேள்வி. பிடுங்க வேண்டாம். இருக்கிற விதியை ஒழுங்காகப் படித்தாலே பாதி இருட்டு திரும்பிவிடும். ஐந்தாம் பதிப்பின் டார்க்விஷன் பெரும்பாலும் 60 அடிக்கு, அதாவது 18 மீட்டருக்குத்தான். அதற்குள்ளும் இருட்டு மங்கிய வெளிச்சமாகத் தெரியுமே தவிரப் பகலாகத் தெரியாது. கண்ணால் தேடும்போது இரண்டு பகடை உருட்டிக் குறைந்த எண்ணை எடுக்க வேண்டும். நிறம் தெரியாது, சாம்பல் நிறப் படிவங்களே தெரியும். பல மேசைகளில் இவற்றையெல்லாம் மறந்துவிடுகிறார்கள்.

நடத்துநர்களே, நிறம் தெரியாது என்ற ஒரு வரியை வைத்து எவ்வளவு செய்யலாம்! கைவிடப்பட்ட தோட்டத்துப் பால் தொழிற்சாலைக்குள் உங்கள் ஆட்டக்காரர்கள் நுழைகிறார்கள் என்று வையுங்கள். தட்டு ஒன்றில் இரண்டு குவியல்: ஒன்று குங்குமம், ஒன்று கரித்தூள். குங்குமத்தை வாசலில் வைத்தால் காவல் தெய்வம் வழிவிடும். கரித்தூளை வைத்தால் உள்ளே கட்டப்பட்டிருப்பது அவிழும். இருட்டில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே கருமை. விளக்கேற்றினால் எது எதுவென்று தெரியும். ஆனால் அந்த வெளிச்சத்தை 18 மீட்டருக்கு அப்பால் காத்திருக்கும் ஒன்று பார்த்துவிடும். ஏற்றலாமா, வேண்டாமா? மேசை முழுவதும் வாதாடும். அந்த வாதம்தான் விளையாட்டு.

இன்னும் சில வேண்டுகோள். குழுவில் ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் இருட்டுக் கண் இருக்கட்டும். அவர் முன்னே போய்ப் பார்த்து வந்து மற்றவருக்குச் சொல்லட்டும். கூகைக்குப் பகல் இருப்பது போல அவருக்கும் ஒரு பலவீனத்தைக் கொடுங்கள். திடீர் வெளிச்சத்தில் அவர் கண் கூசட்டும். இருட்டான அறையை வருணிக்கும்போது கண்ணுக்குத் தெரிவதைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் வாடை, பிறகு ஒலி, பிறகு காலுக்குக் கீழே தரை. பேய்களையும் காடுகளையும் வெளியூரிலிருந்து இறக்குமதி செய்யவும் தேவையில்லை. மலேசியரான செடெக் சியூவும் ஓவியர் முன் காவும் தென்கிழக்காசிய நிலத்தையும் கதைகளையும் கொண்டு உலகம் பாராட்டும் விளையாட்டு நூல்களைப் படைத்திருக்கிறார்கள். கெடாத் தமிழருக்கும் ஜெராய் மலை இருக்கிறது, பூஜாங் பள்ளத்தாக்கில் கடாரத்தின் சிதைந்த கோயில்கள் இருக்கின்றன, தோட்டத்து நிரைகள் இருக்கின்றன. எழுதுவதற்கு ஆள்தான் வேண்டும்.

முன்வரிசையில் இருக்கும் தம்பி தங்கையரிடம் ஒரு வேலையை ஒப்படைத்து முடிக்கிறேன். அடுத்த ஆட்டத்துக்கு முன்னால், உங்கள் வீட்டில் மரம் வெட்டிய தாத்தாவோ பாட்டியோ பெரியம்மாவோ இருந்தால் அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். நிரைக்கு எப்படி வழி கண்டுபிடித்தீர்கள்? விளக்கு அணைந்தால் என்ன செய்தீர்கள்? எந்தச் சத்தத்துக்குப் பயந்தீர்கள், எந்தச் சத்தத்தைக் கேட்டால் தெம்பு வந்தது? அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு போய் உங்கள் மேசையில் வையுங்கள். விதிநூல் எழுதியவர்களுக்குக் கிடைக்காத அறிவு அது. அதைக் கொடுக்கக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இன்று இந்த அரங்கிலும் இருக்கிறார்கள். கூட்டம் கலைவதற்குள் அவர்களில் ஒருவரிடமாவது போய்ப் பேசத் தொடங்குங்கள்.